முனியாண்டியிலிருந்து நாற்பத்திரண்டு எட்டு

நான் எழுதிப் பழகியவள் இல்லை. தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்போடு நின்றவள். கடைக்குச் சாமான் சீட்டு எழுதுவேன், கோயில் பூசைக்குப் பெயர் எழுதிக் கொடுப்பேன், அவ்வளவுதான் என் எழுத்து. பிழை இருக்கும். முன்னால் சொல்ல வேண்டியதைப் பின்னால் சொல்வேன். சிலது மறந்தே போய்விட்டது. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். பேசச் சொன்னால் இதைவிட மோசம். நாலு பேர் முன்னால் நின்றால் எனக்கு நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் எழுதித் தருகிறேன் என்று சொன்னேன்.

கேட்டது மாலதி. செமிலிங் பக்கம் ஆற்றோரமாக நான் வேலை செய்த யார்டை, அதாவது கண்டெய்னர் அடுக்குகிற வெட்டவெளிக் கிடங்கை, புதிய கம்பெனி ஒன்று எடுத்திருக்கிறது. அங்கே பாதுகாப்பு அதிகாரியாக வந்திருக்கும் பெண். போன மாதம் விசாரித்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டாள். கையில் ஒரு பழைய ஃபைல். ஓரமெல்லாம் கரையான் தின்றிருந்தது.

"அம்மா, யார்டு முழுக்கத் தார் போடப் போறோம். பழைய டிரம் எல்லாத்தையும் எடுத்தாச்சு. ஆனா இந்த ஃபைல்ல, ஒரு இடத்துல பாரம் வைக்கக்கூடாதுன்னு இருக்கு. கோயில்லேருந்து நாப்பத்திரெண்டு எட்டுன்னு மலாய்ல எழுதியிருக்கு. உங்க பேரும் போட்டிருக்கு. சரிதானா?"

"கோயில் எங்க இருந்தப்பன்னு போட்டிருக்கா?" என்று கேட்டேன்.

"ஒரு கோயில்தானேம்மா இருக்கு? அதோ, மூலை வேலிகிட்ட."

நான் உட்கார்ந்துவிட்டேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. தண்ணீர் கொண்டு வரவா என்று கேட்டாள். "வேண்டாம்மா. நான் எல்லாத்தையும் எழுதித் தர்றேன். அதுவரைக்கும் தார் போட வேணாம்னு சொல்லு" என்றேன்.

அதுதான் இது.

நான் பிறந்தது சுங்கை லாலாங் பக்கம் ஒரு தோட்டத்தில். பதினான்கு வயதில் அம்மாவோடு ரப்பர் பால் வெட்டப் போனேன். கல்யாணம், பிள்ளைகள், புருஷன் செத்தது எல்லாம் அந்தத் தோட்டத்து லயவீட்டில்தான். பிறகு தோட்டத்தை வீட்டுமனைக்கு விற்றார்கள். எங்களைக் கிளப்பிவிட்டார்கள். ஆற்றோரத்தில் இருந்த ரப்பர் ஆலையில் வேலை கிடைத்தது. ஆலைக்குப் பின்னால் கழிவுத் தண்ணீர் போகிற மூன்று குட்டைகள் இருந்தன. மேலே மிதக்கிற நுரையையும் ரப்பர் துணுக்கையும் அரிகூடையால் அள்ளிப் போடுவது என் வேலை. முதல் இரண்டு குட்டை இடுப்பளவு. மூன்றாவது குட்டையில் மூங்கில் கழியை விட்டால் கழி முழுசும் உள்ளே போகும், அடி தட்டாது. பல வருஷக் கழிவு கஞ்சி மாதிரி அடியில் கிடந்தது. அந்த நாற்றம் என் சேலையை விட்டுப் போனதே இல்லை. பஸ்ஸில் என் பக்கத்து இருக்கை எப்போதும் காலியாக இருக்கும். எனக்கு அது ஒருவகையில் வசதிதான். யாரோடும் பேச வேண்டியதில்லை.

ஆலை வாசலில் ஒரு கெத்தாப்பாங் மரம். நம் ஆள்கள் சிலர் வாதாமரம் என்பார்கள். அதன் அடியில் முனியாண்டி. ஒரு கல், ஒரு சூலம், ஒரு தகரக் கூரை. ஆலையில் எங்களுக்கு எந்தத் திசையைச் சொன்னாலும் முனியாண்டியிலிருந்துதான். பம்பு ரூம் எங்கே? முனியாண்டிக்கு இடப்பக்கம். மூன்றாவது குட்டை எங்கே? முனியாண்டிக்கு முதுகைக் காட்டி, உயரத் தண்ணி டாங்கியைப் பார்த்து நேரே நட, நாற்பத்திரண்டு எட்டில் கரை. அங்கிருந்து முப்பது எட்டு அகலம். நான் காலையில் கும்பிட்டுவிட்டுத் திரும்பி அப்படியே எண்ணிக்கொண்டு நடந்துதான் தினமும் வேலைக்குப் போவேன். ஏன் எண்ணினேன் என்று கேட்டால் தெரியாது. பால் வெட்டும்போது மரம் எண்ணிப் பழகியது.

ஆலையை மூடினார்கள். குட்டைத் தண்ணீரை இறைத்து ஆற்றில் விட்டுவிட்டு, கிடைத்த மரக்கட்டை, உடைந்த செங்கல், மணல் எல்லாவற்றையும் அதில் கொட்டி, மேலே செம்மண்ணைப் பரப்பிவிட்டார்கள். பார்த்தால் மைதானம் மாதிரி இருந்தது. பல வருஷம் அந்த நிலம் சும்மா கிடந்தது. படகுத் துறை ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. லாலாங் புல் என் தோள்வரை வளர்ந்தது. உடும்பு குடும்பத்தோடு நடக்கும். நான் மட்டும் பகல் காவலுக்கும் புல் வெட்டவும் இருந்தேன்.

பிறகுதான் பினாங்குப் பக்கமிருந்து ஒரு கம்பெனி வந்தது. துறைமுகத்தில் இடம் போதவில்லையாம். கூரை வேண்டாத சாமான்களை, அதாவது காலிக் கண்டெய்னர், இரும்புக் குழாய், பெரிய இயந்திரம், இதையெல்லாம் வெளியே ஓரிடத்தில் வைத்து, கப்பல் வரும்போது லோரியில் கொண்டுபோக வேண்டுமாம். அதற்கு நம் ஆற்றோர நிலம் தோது. எனக்குச் சிரிப்பு வந்தது. வெட்டவெளியில் சாமானைப் போட்டு வைப்பதற்கு ஒரு கம்பெனியா, அதில் என்ன வேலை இருக்கப் போகிறது என்று நினைத்தேன். அப்புறம்தான் தெரிந்தது. கூரை இல்லாத கிடங்குக்குத் தரைதான் எல்லாம். தரையைப் பார்ப்பதே அங்கே பாதி வேலை.

அதைச் சொல்லிக் கொடுத்தவர் என்சிக் காதர், அதாவது காதர் ஐயா. யார்டு மேனேஜர். சுங்கை பட்டாணிக்காரர், தமிழ் முஸ்லிம், மிட்டாய்க் கடைக் குடும்பம். மெலிந்த உடம்பு. சேறும் சகதியுமான அந்த இடத்தில் அவர் காலில் சப்பாத்து மட்டும் பளபளவென்று இருக்கும், எப்படி என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மழை இருந்தாலும் இல்லாவிட்டாலும் கையில் கறுப்புக் குடை. வயதில் எனக்கு இளையவர். ஆனாலும் மேனேஜர் அல்லவா, என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கலாம். முதல் நாளிலிருந்து அக்கா என்றுதான் கூப்பிட்டார்.

அவர் கத்தி நான் கேட்டதில்லை. ஒருவன் தப்பு செய்துவிட்டால், "வாங்க, நடந்து பார்ப்போம்" என்பார். தப்பு நடந்த இடத்துக்கு அவனைக் கூட்டிக்கொண்டு நடப்பார். வழியில் ஒரு வார்த்தை பேசமாட்டார். அந்த நடைதான் ஏச்சு. இடத்துக்குப் போய் நின்று, "இப்ப சொல்லுங்க, என்ன நடந்திச்சு?" என்பார். பெரிய பெரிய டிரைவர்கள் எல்லாம் அந்த நடைக்குப் பயந்தார்கள். கையெழுத்துப் போடும் முன் பேனா மூடியைக் கழற்றிவிட்டு முகத்தைப் பார்த்து, "நிச்சயமா?" என்பார். நாம் ஆமாம் என்றால், "இன்னொரு தடவை" என்பார்.

என் வேலை இதுதான். காலையில் ஸ்டேக்கர் எல்லாம் கிளம்புவதற்கு முன்னால் நான் இரும்புக் கம்பியோடு யார்டைச் சுற்றுவேன். ஸ்டேக்கர் என்பது கண்டெய்னரைக் கையால் தூக்குவதுபோலத் தூக்கி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிற பெரிய வண்டி. அதன் சக்கரமே என் உயரம் இருக்கும். கம்பி நுனியிலிருந்து ஒரு சாண் அளவில் சிவப்புத் துணி கட்டியிருப்பேன். வண்டி ஓடும் பாதையில் பத்து எட்டுக்கு ஒரு குத்து. துணி வரைக்கும் இறங்கினால் அங்கே சுண்ணாம்பால் வட்டம் போடுவேன். காதர் வந்து பார்ப்பார். ஒரு டிரம் தண்ணீரை ஊற்றச் சொல்வார். தண்ணீர் அப்படியே நின்றால் பரவாயில்லை. மளமளவென்று உள்ளே போனால் கீழே பொள்ளல். அன்றைக்கு அந்தப் பாதை மூடல். கல் கொட்டி, உருட்டி, மறுபடியும் தண்ணீர் ஊற்றி, பிறகுதான் திறப்பு.

அமாவாசை, பௌர்ணமிக்கு ஆற்றில் ஏத்தம் அதிகமாக இருக்கும். கடல் தண்ணீர் உள்ளே ஏறிவரும். தரைக்கு அடியிலேயே வந்து கல் இடுக்கில் கசியும். மழைத் தண்ணியா ஆற்றுத் தண்ணியா என்று கண்ணால் சொல்ல முடியாது. நான் விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பேன். காதர் தூரத்திலிருந்தே கேட்பார். "உப்பா சப்பா, அக்கா?" உப்பு என்றால் அடியிலிருந்து வந்திருக்கிறது. அன்று அங்கே பாரம் கிடையாது.

ஸ்டேக்கர் டிரைவர் தேவராஜ் இதைப் பார்த்துத்தான் எனக்குத் தரை டாக்டர் என்று பெயர் வைத்தான். பீடோங் ஊர்ப் பையன், பையன் என்றால் இரண்டு பெண் பிள்ளைகளுக்குத் தகப்பன். முன்னே தோட்டத்தில் செம்பனைக் காய் ஏற்றும் லோரி ஓட்டியவன். வாய் சும்மா இருக்காது.

"டாக்டரம்மா, தரைக்கு இன்னிக்கு என்ன, காய்ச்சலா சளியா?"

"போடா."

"ஊசி போட்டாச்சா? நாக்குல வெச்சுப் பார்த்தீங்களா? நான் காலையில அங்கதான் ஒண்ணுக்குப் போனேன்லா."

யார்டே சிரிக்கும். எனக்கு முகம் சிவந்துவிடும். ஆனால் அவன் ஒருத்தன்தான் என்னைப் பேச வைத்தவன். அதையும் எழுத வேண்டும்.

யார்டு தொடங்கியபோது காதர் என்னிடம் கேட்டார். "அக்கா, பழைய குட்டை இருந்த இடம் உங்களுக்குத்தான் தெரியும்னு சொல்றாங்க. காட்டுங்க." ஆலையின் வரைபடம் எதுவும் யாரிடமும் இல்லை. நான் முனியாண்டியைக் கும்பிட்டேன், திரும்பினேன், டாங்கியைப் பார்த்து நடந்தேன். நாற்பத்திரண்டு. அங்கே கம்பியைக் குத்தினார்கள். கம்பி முழுசும் போனது, இழுத்தபோது நுனியில் அந்தப் பழைய நாற்றம். சுற்றிச் சிவப்பு டிரம் நட்டார்கள். காதர் ஃபைலில் எழுதிக்கொண்டார். மாலதி கொண்டு வந்தது அதே ஃபைல்தான்.

இரண்டு வருஷம் கழித்து நீளக் குழாய் ஏற்றிவரும் லோரிகள் வளைய முடியவில்லை என்று வாசலை அகலமாக்கினார்கள். முனியாண்டி வழியில் இருந்தார். முறையாகச் செய்ய வேண்டும் என்று நாங்கள் கேட்டோம். காதர் மறுபேச்சுப் பேசவில்லை. அன்று காலை முழுவதும் எல்லா வண்டியையும் நிறுத்தினார். தோட்டத்துப் பூசாரி வந்தார். பொங்கல் வைத்து, சேவல் கொடுத்து, உத்தரவு கேட்டு, கல்லைப் பெயர்த்து எடுத்தோம். நான் சூலத்தைச் சுமந்தேன். தூறல் போட்டது. பூசாரி நனையக்கூடாது என்று காதர் தன் குடையை அவருக்குப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார். பின்னால் மூலை வேலி ஓரமாக, புது மேடையில் சாமியை வைத்தோம். பழைய இடத்திலிருந்து அதே நேரில் இருபது எட்டுப் பின்னால், டாங்கியை விட்டு இன்னும் தள்ளி. கெத்தாப்பாங் மரத்தை வெட்டிவிட்டார்கள். அடிமரம் மட்டும் வாசல் ஓரத்தில் நின்றது. சாமி சந்தோஷமாகத்தான் போனார் என்று பூசாரி சொன்னார். எல்லோரும் நிம்மதியாகச் சாப்பிட்டோம்.

அதற்குச் சில மாதம் கழித்து யார்டு முழுவதும் புதுக் கல் போட்டு உயர்த்தினார்கள். அதற்காக டிரம்மை எல்லாம் எடுத்துவிட்டார்கள். வேலை முடிந்ததும் காதர் கூப்பிட்டார்.

"அக்கா, மறுபடியும் காட்டிடுங்க."

நான் முனியாண்டியைக் கும்பிட்டேன். திரும்பினேன். டாங்கியைப் பார்த்து எண்ணிக்கொண்டு நடந்தேன்.

இதைப் படிக்கிற உங்களுக்கு இப்போதே புரிந்திருக்கும். எனக்கு அன்று புரியவில்லை. சாமியைச் சுமந்துகொண்டு போன கூட்டத்தில் நானும் ஒருத்தி. சாமி நகர்ந்தது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் காலுக்குத் தெரியவில்லை. கும்பிட்டால் திரும்ப வேண்டும், திரும்பினால் எண்ண வேண்டும், இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் அந்தக் கால் கற்றது அவ்வளவுதான். காதர் குடையோடு என் பின்னாலேயே வந்தார். நாற்பத்திரண்டில் நின்றேன். "நிச்சயமா?" என்றார். "நிச்சயம்" என்றேன். "இன்னொரு தடவை." திரும்பப் போய், மறுபடியும் கும்பிட்டு, மறுபடியும் நடந்தேன். அதே இடம். புதுக்கல் கனமாகப் போட்டு உருட்டியிருந்ததால் கம்பி குத்திப் பார்க்க முடியவில்லை. டிரம் நட்டார்கள். குட்டையில் முப்பதில் இருபது எட்டு டிரம்முக்கு வெளியே கிடந்தது. அதன் மேல் புதுப் பாதை போட்டு, சாமான் ஏற்றின கண்டெய்னரை அடுக்க ஆரம்பித்தார்கள்.

கொஞ்ச வாரம் ஒன்றும் ஆகவில்லை. ஒரு நாள் காலையில் நான் கம்பியோடு போகும்போது தேவராஜ் வண்டியை நிறுத்தி, மேலேயிருந்து தலையை நீட்டினான். அன்று அவன் சிரிக்கவில்லை.

"அக்கா, இந்தப் பாதையில சக்கரம் இழுக்குதுக்கா."

"எந்தச் சக்கரம்?"

அவன் சொன்னான். முன் சக்கரம் என்று நினைவிருக்கிறது. இடதா வலதா, அது மறந்துவிட்டது.

"புதுக் கல்லு. அமுங்குறதுக்கு நாளாகும்" என்றேன்.

"கல்லு இல்லக்கா. கீழ ஏதோ லெம்பெக்கா, கொழகொழன்னு இருக்கு. மெத்தை மேல ஓட்டுற மாதிரி இருக்கு. குட்டை இந்தப் பக்கமா இருக்குமோ?"

அப்போது நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "குட்டை டிரம்முக்குள்ள இருக்கு. நான் ரெண்டு தடவை எண்ணினேன். நீ ஒழுங்கா ஓட்டு."

"சரி டாக்டரம்மா" என்றான். வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அவன் சொன்னதை நான் காதரிடம் சொல்லவில்லை. சுண்ணாம்பு வட்டம் போட்டிருக்கலாம், ஒரு டிரம் தண்ணீர் ஊற்றியிருக்கலாம். என் வேலையே அதுதான். என் எட்டை அவன் சந்தேகப்படுகிறானே என்று எனக்குக் கோபம் வந்துவிட்டது. யாரும் என்னைப் பெரிதாக நினைத்ததில்லை, இந்த ஒரு விஷயத்தில்தான் நினைத்தார்கள். அதுதான் காரணம் என்று இப்போது தோன்றுகிறது.

நாலைந்து நாள் கழித்துப் பௌர்ணமி. ஏத்தமும் மழையும் சேர்ந்து வந்தன. மழையில் எல்லாத் தண்ணியும் சப்பென்றுதான் இருந்தது, நாக்கால் ஒன்றும் பிரிக்க முடியவில்லை. மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு நான் கூட்டுமாற்றை எடுத்துக்கொண்டிருந்தேன். கல் நொறுங்குகிற மாதிரி ஒரு சத்தம். பிறகு இரும்பு சரிகிற சத்தம். திரும்பிப் பார்த்தேன். தேவராஜ் வண்டி முன்னால் குப்புற இறங்கிக்கொண்டிருந்தது. தூக்கிப் பிடித்த கண்டெய்னர் ஒரு பக்கம் சாய்ந்து, அவன் உட்காரும் கூண்டில் இடித்துக்கொண்டு கீழே போனது. வலது கால் உள்ளே மாட்டிக்கொண்டது. வெட்டித்தான் எடுத்தார்கள், கூண்டைச் சொல்கிறேன், காலை இல்லை. கால் தப்பித்தது, ஆனால் முட்டிக்குக் கீழே இரும்பு வைத்தார்கள். சக்கரம் பதிந்த பள்ளத்தில் கறுப்புத் தண்ணீர் ஊறி நின்றது. எனக்கு அந்த நாற்றம் வந்தது. வந்தும், மழைக்குச் சாக்கடை பொங்கிவிட்டது என்றுதான் நினைத்தேன். மனசு எப்படியெல்லாம் ஒளிந்துகொள்கிறது பாருங்கள்.

மூன்றாம் நாள் விசாரணை. தலைமை ஆபீஸிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். மேசைக்கு முன்னால் ஒரு நாற்காலி. தேவராஜ் சுங்கை பட்டாணி ஆஸ்பத்திரியில் மயக்கத்தில் கிடந்தான். அவனிடம் யாரும் போகவில்லை. என்னை மக்சிக், அதாவது சின்னம்மா, என்று கூப்பிட்டு மலாயில் கேட்டார்கள்.

"மக்சிக், டிரம் எல்லாம் சரியான இடத்துலதானே இருக்கு?"

"இருக்கு."

"டிரைவர் ஏதாவது சொன்னானா?"

என் நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது. தலையை ஆட்டினேன். இல்லை என்றுதான் அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் ஆட்டினேன்.

அடுத்த வாரம் கேன்டீன் பக்கத்துப் பலகையில் ஒரு தாள் ஒட்டினார்கள். மழையில் வேகமாகத் திரும்பியது, பாரத்தை அளவுக்கு மேல் நீட்டியது, ஓட்டுநரின் கவனக்குறைவு என்று மூன்று மொழியில் போட்டிருந்தது. தமிழும் இருந்தது. என்னால் படிக்க முடிகிற மொழியில் இருந்தது. வேலையிலிருந்தும் எடுத்துவிட்டார்கள். ஒரு வருஷத்தில் அவன் கால் ஓரளவுக்குச் சரியாகிவிட்டது. ஆனால் எந்த யார்டுக்குப் போனாலும் அந்தத் தாள் அவனுக்கு முன்னால் போய் நின்றது.

தாள் ஒட்டின அதே வெள்ளிக்கிழமை. முனியாண்டிக்கு விளக்கு வைத்துவிட்டு வாசல் பக்கமாக வந்தேன். கெத்தாப்பாங் அடிமரத்தில் கைப்பிடி அளவுக்குத் தளிர் விட்டிருந்தது. பாவம், வெட்டியும் துளிர்க்கிறதே என்று நின்று பார்த்தேன். சாமி இதன் நிழலில்தானே இருந்தார் என்று நினைத்தேன். அவ்வளவுதான். நான் எண்ண ஆரம்பித்தது இங்கிருந்து இல்லை, புது மேடையிலிருந்து. அந்த அடிமரத்தின் மேலேயே உட்கார்ந்தேன்.

காதரின் அறைக்குப் போய்ச் சொன்னேன். தேவராஜ் என்னிடம் சொன்னதையும் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. அவர் நாற்காலியிலிருந்து எழுந்தார்.

"வாங்க அக்கா, நடந்து பார்ப்போம்."

அத்தனை வருஷத்தில் என்னை அவர் அந்த நடைக்குக் கூப்பிட்டது அது ஒரு தடவைதான். அடிமரத்திலிருந்து டாங்கியைப் பார்த்து நடந்தோம். நான் வாய்க்குள் எண்ணினேன், அவரும் எண்ணினார். நாற்பத்திரண்டைத் தாண்டி ஐம்பத்தெட்டாவது எட்டில் தேவராஜின் சக்கரம் இறங்கின பள்ளம். கல் போட்டு மூடியிருந்தார்கள். இன்னும் அந்தப் பக்கம் குட்டை பதினான்கு எட்டுப் போகிறது.

காதர் குடையை ஊன்றிக்கொண்டு நின்றார். "நீங்க எண்ணினத நானும் எண்ணினேன் அக்கா. ரெண்டு தடவையும் நாப்பத்திரெண்டு சரியா இருந்திச்சு. எங்கேருந்து எண்ணுறோம்னு நான் பார்க்கல. கோயில் நகர்ந்தப்ப குடை பிடிச்சவனே நான்தான்."

மறுநாளே டிரம்மை இடம் மாற்றினார். பாதையை மூடினார். தலைமை ஆபீஸுக்குக் கடிதம் எழுதினார். பதில் இல்லை. இன்னொன்று எழுதினார். பிறகு என்னிடம் வந்து, "நேர்ல போய்ச் சொல்லிடுவோம் அக்கா. நீங்களும் வந்தாத்தான் எடுபடும். தேவராஜ் உங்ககிட்டதானே சொன்னான்?" என்றார். சரி என்றேன். நல்ல சேலை கட்டிக்கொண்டு அவர் காரில் ஏறினேன். சுங்கை பட்டாணி வரைக்கும் போனேன். அந்த மேசையும் மூன்று பேரும் கண்ணுக்குள் வந்துவிட்டார்கள். என்னால் முடியாது, இறக்கிவிடுங்கள் என்றேன். அவர் என்னைப் பார்த்தார். "நிச்சயமா?" என்றார். இன்னொரு தடவை என்று சொல்லவில்லை. பஸ் நிலையத்தில் இறக்கிவிட்டுத் தனியாகப் போனார்.

சாயங்காலம் திரும்பி வந்தார். "விசாரணையை மூடியாச்சாம் அக்கா. தேவராஜ் சொன்னதக் கேட்ட ஆள் எங்கேன்னு கேட்டாங்க."

அதற்குப் பிறகு அவர் என்னிடம் அதைப் பற்றிப் பேசவில்லை. அக்கா என்று கூப்பிடுவதையும் நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அவர் ஓய்வு பெற்று, இப்போது காலமாகி அடக்கமாகியும் விட்டார். மாலதியின் ஃபைலில் அவருடைய இரண்டு கடிதமும் இல்லை. நான் கேட்டேன், தேடிப் பார்த்துவிட்டு இல்லை என்றாள். நாற்பத்திரண்டு எட்டு மட்டும் இருக்கிறது.

நானும் முட்டி வலிக்கிற வரைக்கும் கம்பி குத்திவிட்டு நின்றுவிட்டேன். தேவராஜைச் சந்தையில் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிவிடுவேன். விந்தி விந்தி நடப்பான். பெண் பிள்ளைகள் இரண்டு பேரும் பெரியவர்களாகிவிட்டார்கள்.

மாலதி வந்துவிட்டுப் போன பிறகு எனக்கு உட்கார முடியவில்லை. இதை எழுதுவதற்கு முன்னால் அவனிடம் போனேன். பீடோங்கில் ஒரு பள்ளிக்கூட வாசலில் ஜாகா வேலை, அதாவது காவல் வேலை பார்க்கிறான். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் அதே வாய்.

"அடடே, டாக்டரம்மா! எத்தனை எட்டு எண்ணி வந்தீங்க?"

அந்தக் கேள்விக்கு அப்புறம் எனக்கு மறைக்க ஒன்றுமில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். முனியாண்டி, அடிமரம், மேசை, கார், பஸ் நிலையம். நடுவில் ஒரு லோரி வந்தது. எழுந்து போய் கேட்டைத் திறந்துவிட்டு, மூடிவிட்டு வந்து உட்கார்ந்தான். "சொல்லுங்க" என்றான். மிச்சத்தையும் சொன்னேன்.

நான் திட்டுவான் என்று காத்திருந்தேன்.

"காதர் பாய் ஆஸ்பத்திரிக்கு வந்தாரு. என் காலைப் பார்த்துக்கிட்டே நின்னாரு, ஒண்ணும் சொல்லாமப் போயிட்டாரு. அப்பவே எனக்குச் சந்தேகம்தான்" என்றான். பிறகு, "என் பெண்டாட்டி கூட நம்பலக்கா. நீ வேகமாத்தான் ஓட்டியிருப்பேன்னு சொல்லும். இன்னிக்கும் சொல்லும். கோவத்துல இல்ல, சும்மா பேச்சுக்கு. நான் அன்னைக்கு உங்ககிட்ட சொன்னேன்தானே, சக்கரம் இழுக்குதுன்னு?"

"சொன்னே."

"நல்லா ஞாபகம் இருக்கா? எனக்கே சில நேரம் சொன்னேனா இல்லையான்னு வந்துடும்."

"சொன்னேடா. மெத்தை மேல ஓட்டுற மாதிரி இருக்குன்னு சொன்னே."

அவன் கேட்டின் பூட்டைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான். "அத எழுதுங்க" என்றான். "வேற ஒண்ணும் வேணாம். அத மட்டும் எழுதுங்க."

எழுதிவிட்டேன்.

மாலதி, உனக்கும் உன் கம்பெனிக்கும் ஒரு வேண்டுகோள். தார் போடும் முன் இதில் உள்ளதை எல்லாம் யாராவது சரிபார்க்க வேண்டும். எனக்கு மறதி அதிகம். எட்டு எண்ண என்னைக் கூப்பிடாதே, இப்போது என் எட்டு பாதியாகிவிட்டது. டேப் வைத்து அளந்துகொள். சாமியிலிருந்து அளக்காதே. வாசல் ஓரம் சாமானுக்கு அடியில் வைக்கிற கட்டைகளைக் குவித்து வைத்திருக்கும் இடத்துக்குக் கீழே கெத்தாப்பாங் வேர் இன்னும் இருக்கும், அதைத் தோண்டிப் பார்த்து அங்கிருந்து அள. சாமி வைத்த இடம் இருபது எட்டா, ஒன்றிரண்டு கூடவா என்று பூசாரியின் மகனைக் கேள். குட்டையின் அந்தப் பக்கக் கரை எழுபத்திரண்டு எட்டு என்று நான் சொல்வதை நம்பிவிடாதே, துளை போட்டுப் பார்.

சக்கரம் இடதா வலதா என்பது எனக்கு நினைவில்லை. அதைத் தேவராஜிடம் கேள். பள்ளிக்கூட வாசலில்தான் இருப்பான். அவனிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை.